அணுவும் உவமையும்

கண்ணுக்குப் புலனாகாப் பொருளை விளக்கப் புகுவோர்க்கு உவமையே கைவிளக்கு. உயிரினியல்பை உணர்த்தவந்த சமயநூலாரும் அணுவின் அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானிகளும் இவ்விளக்கையே துணைக்கொண்டனர். எனினும், இலக்கியத்து உவமைகளை நலம் தீங்கு நோக்கி ஆராயும் நம்மவர், விஞ்ஞானத்து உவமைகளை ஒப்புவிக்கின்றனரேயன்றி ஆராய்கின்றாரில்லை. அதனால் மாணவன் உவமையையே பொருளென மயங்குகின்றான்.

இவ்விரு துறைகளையும் ஒருங்கு நோக்குதல் நமக்குப் புதிதன்று. மட்டக்களப்பின் தென்பாலுள்ள காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், 1916ஆம் ஆண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றவர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானவர். 1947இல் வெளிவந்த யாழ்நூலில், பழம்புலவர் சொல்லோவியமாகத் தீட்டிய யாழை அவர் சொல்லளவில் நிறுத்தினாரல்லர். நரம்புகளின் அளவையும் ஓசையின் விகிதத்தையும் கணக்கிட்டே அதன் உருவை நிறுவ முயன்றார். சொல்லைக் கணக்கால் உரைத்துப் பார்க்கும் அந்நெறி அணுவுக்கும் பொருந்துவதேயாம்.

உரைத்தற்கேற்ற கல்லும் நம்மிடம் உண்டு. உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகத் தொல்காப்பியர் உவமவியலில் வகுத்தார். தொழில் ஒத்தலும், விளைவு ஒத்தலும், வடிவு ஒத்தலும், நிறம் ஒத்தலும் வெவ்வேறு என்பதும், ஒன்று ஒத்தமையால் மற்றவை ஒத்தல் வேண்டுமென்பதில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

முதலில் அணு என்னும் சொல்லையே நோக்குக. பொருளைப் பகுத்துக்கொண்டே சென்றால் ஓரிடத்தில் நிற்றல் வேண்டும் என்னும் தருக்கத்தால் வைசேடிகர் பரமாணுவைக் கொண்டனர். ஆணவத்தால் அறிவு குறுகி நின்றமையின் உயிரையும் அணு என்றனர் சைவசித்தாந்திகள். 1808இல் நூல் வெளியிட்ட தாற்றனோ, மூலகங்கள் கூடும் நிறை விகிதங்களிலிருந்து தம் அணுவைப் பெற்றார். சொல் ஒன்றாயினும் பொருள் மூன்று. அணுவின் அமைப்பை முன்னோர் முழுதும் அறிந்திருந்தனர் என்போர், வைசேடிகரின் பரமாணு உறுப்பற்றது என்பதை மறந்தனர். உறுப்பற்றதற்கு அமைப்பு ஏது? முன்னோரின் தருக்கத்துக்குரிய பெருமை வேறு. அது பரிசோதனையின் பெருமையைக் கடன்வாங்க வேண்டுவதில்லை.

1897இல் தொம்சன் இலத்திரனைக் கண்டமையால், அணுவுக்கும் உறுப்புண்டு என்பது துணியப்பட்டது. 1904இல் அவர் கூறிய அணு, நேர்மின்னேற்றம் பரவிய கோளத்துள் இலத்திரன்கள் அமைந்ததாகும். இதனை உலர்ந்த பழம் விரவிய பணியாரம் என்றனர் ஆங்கிலேயர். தமிழ் மாணவனுக்கு வத்தகப்பழத்து விதை என்று சொல்வதுண்டு. பணியார உவமை தொம்சன் கூறியதன்று. அவருடைய இலத்திரன்கள் வளையங்களாய்ச் சுழல்வன, விதைகளோ அசையா. மெய்யுவமம் வினையை மறைத்தமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

இரதபோட்டின் ஆய்வுகூடத்தில் கைகரும் மார்சுடனும் 1909இல் மெல்லிய உலோகத் தகட்டின்மீது அல்பாத் துணிக்கைகளைச் செலுத்தினர். பெரும்பாலன ஊடுருவிச் சென்றன. பல்லாயிரத்தில் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. பரவிக் கிடக்கும் மின்னேற்றம் இவ்வாறு திருப்பவல்லதன்று. ஆதலின், நேரேற்றமும் பெரும்பகுதித் திணிவும் மிகச் சிறிய கருவினுள் அடங்கியுள்ளன என 1911இல் இரதபோட்டு முடிவுகட்டினார். பொன்னணுவின் கரு அவ்வணுவின் குறுக்களவில் ஏறத்தாழ இருபதினாயிரத்தில் ஒரு பங்கு. 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவியின் அளவுக்குப் பொன்னணு பருத்ததாயின், கரு மூன்று மீற்றர்த் தோணியொன்றாகவே இருக்கும். இவ்வுவமையும் அளவொன்றையே உணர்த்தும். வாவியில் நீர் நிறைந்திருத்தல் போல அணுவில் எதுவும் நிறைந்துளது எனக் கொள்ளின் அதுவும் வழுவாம்.

ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள்போல இலத்திரன்கள் கருவைச் சுற்றும் என்னும் உவமையே இன்றும் படங்களில் வாழ்கின்றது. சுற்றுதலாகிய வினை ஒத்ததுபோலத் தோன்றினும் ஆராயின் ஒவ்வாது. மின்னேற்றமுடைய துணிக்கை வளைந்து சுழலின், பழைய பௌதிக விதிப்படி ஒளியை உமிழ்ந்து சத்தி குன்றி, நொடியின் நூறுகோடியில் ஒரு பங்கினும் குறைந்த காலத்தில் கருவினுள் வீழ்தல் வேண்டும். உலகமோ வீழாமல் நிற்கின்றது. இவ்விடர் நீங்கவே, சில குறித்த பாதைகளிலன்றி இலத்திரன் இயங்காதென 1913இல் நீல்சு போர் கூறினார். ஐதரசனின் நிறமாலைக் கோடுகள் அவர் கணக்கிற்கு இயைந்தன. ஈலியத்தின் கோடுகள் இயைந்தில. பயன் ஓரிடத்து ஒத்து மற்றோரிடத்து ஒவ்வாதாயிற்று. 1926இல் சுரோடிங்கரின் அலைச்சமன்பாடு வந்தபின் பாதை என்னும் எண்ணமே கைவிடப்பட்டது. இன்ன இடத்தில் இலத்திரன் காணப்படுதற்குரிய வாய்ப்பே எஞ்சியது.

எஞ்சிய உருவுவமமோ முற்றும் பொய். படத்திற் செந்நிறக் கருவும் நீலநிற இலத்திரனும் தீட்டப்படுகின்றன. நாம் காணும் ஒளியின் அலைநீளம் அணுவின் அளவினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் நீண்டது. கருவுக்கும் இலத்திரனுக்கும் நிறமென ஒன்றில்லை.

அங்ஙனமாயின் உவமையை விலக்கல் வேண்டுமோ எனின், வேண்டா. தொம்சனின் மாதிரி இல்லையேல் இரதபோட்டு எதனை மறுத்திருப்பார்? பிழைபட்ட மாதிரியும் வினாவை எழுப்பியதால் பயன் தந்தது. உவமை பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது செய்யுள் நெறி. அறிந்ததாதல் வேண்டும் என்பது விஞ்ஞான நெறி. முன்னது வியப்பைத் தரும். பின்னது வழியைக் காட்டும்.

1929இல் அடிகள் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் வாவியை அடுத்த கல்லடி உப்போடையில் உள்ளது. அங்கும், தமிழில் விஞ்ஞானம் பயிலும் எங்கணும், ஆசிரியர் உவமையொன்றைக் கூறியவுடன் அஃது எதில் ஒக்கும், எதில் ஒவ்வாது என்னும் வினாவையும் உடன்கூறுவாராக. அவ்வினாவைக் கற்ற மாணவன், நாளை இன்றைய மாதிரியும் மாறுமாயின் கலங்கான். அதனை மாற்றுவோருள் ஒருவனாதலும் கூடும்.