குளம்படிச் சத்தம்

தெரணியகலையில் மழை பிடித்தால் லயத்துத் தகரத்தில் வேறு சத்தம் கேட்காது. அந்த இரைச்சலுக்குள்ளும் ‘விடாது கருப்பு’ குதிரையின் குளம்படி எனக்குத் தனியாகக் கேட்கும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, 1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசைக் கதை அது. சின்ன வயது நினைவு ஓர் இழை, இன்றைய நடப்பு ஓர் இழை, குறுக்கே வெள்ளைக் குதிரையில் கருப்புசாமி. கண் கண்டது எது, மனம் கட்டியது எது என்று சட்டென்று பிரித்துவிடாமல் வாரக்கணக்கில் பின்னிய அந்தப் பொறுமைதான் என்னைக் கட்டிப்போட்டது.

எங்கள் அப்பாயி அதைக் கதையாகவே பார்க்கவில்லை. றப்பர் மரத்தடி மாடசாமிக்குச் சூடம் கொளுத்திய கையால் பெட்டியையும் ஒருதரம் கும்பிடுவார். விரலில் ஒட்டிக் காய்ந்த றப்பர் பாலை உரித்துக்கொண்டே உட்காருவார். குளம்படி தூரத்தில் எழும்போது அந்த விரல் நின்றுவிடும். “கதவைச் சாத்துடா, சாமி போற நேரம்” என்பார். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவர் மடியில் ஒடுங்குவேன். சேலையில் புகையும் புளித்த பாலும் மணக்கும்.

இப்போது கைபேசியிலேயே பார்க்கலாம். மழை இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.