ஆர்ப்பெஜியேற்றரும் இசைஞரின் உழைப்பும்

கலைத்துறையிற் புதிய கருவியொன்று புகும்போது அதனைக் கலையின் அழிவாகக் காண்போரும், கலைஞனின் விடுதலையாகக் கொண்டாடுவோரும் தோன்றுகின்றனர். இரு சாராரும் கருவியையே நோக்குகின்றனர். அது இயங்கும் உற்பத்தி உறவுகளை நோக்குவதில்லை. விசைப்பலகைச் சிந்தசைசர்களில் அமைந்த ஆர்ப்பெஜியேற்றர் இதற்குத் தக்க உதாரணமாகும்.

ஒரு சுரக்கூட்டின் சுரங்களை ஒருங்கே ஒலிக்காது ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தலே ஆர்ப்பெஜியோ. றோலண்ட் நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஜூனோ-60இல், இசைஞர் கட்டைகளை அழுத்திப் பிடித்திருந்தாற் போதும். அச்சுரங்களைக் கருவி தானே ஏறுமுகமாகவோ, இறங்குமுகமாகவோ, ஏறியிறங்கியோ ஒலிக்கும். அவ்வோட்டத்தை ஒன்று முதல் மூன்று ஸ்தாயி வரை விரிக்கலாம். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 'ஹோல்ட்' பொத்தானை அழுத்தினால் கையை எடுத்த பின்னரும் ஒலி தொடரும்.

விரல்களின் உழைப்பை இயந்திரம் திடீரெனக் கவர்ந்துகொண்டது என்பது மேலோட்டமான முடிபாகும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, டொமெனிக்கோ அல்பேர்ட்டியின் பெயரால் வழங்கும் இடக்கை வாசிப்பு முறையில், சுரக்கூட்டானது கீழ், மேல், நடு, மேல் என்னும் ஒழுங்கிற் பிரிக்கப்பட்டுவிட்டது. மோட்சார்ட் 1788இல் இயற்றிய கே. 545 பியானோ சொனாட்டாவின் தொடக்கம் இதற்குப் பிரசித்தமான சான்று. கைவினையைத் தொழிற்பிரிவினை சிறு செயல்களாகச் சிதைத்த பின்னரே அவற்றை இயந்திரம் ஏற்க முடிந்தது என்பதை மார்க்ஸ் மூலதனத்தின் முதற்பாகத்தில் (1867) விளக்கினார். இசையிலும் இதனையொத்த போக்கைக் காணலாம். ஆயினும் மனிதக் கை அவ்வொழுங்கினுள்ளும் காலத்தையும் அழுத்தத்தையும் நெகிழ்த்தியது. ஜூனோ-60இன் கட்டைகளோ விரல் விழும் வன்மையை வேறுபடுத்தி உணர்வதில்லை. இவ்விழப்பை மறைத்தல் விமர்சனமாகாது.

அதே 1982இல், பிரித்தானிய இசைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களையும் தாள இயந்திரங்களையும் தடைசெய்யக் கோரும் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. தேசிய மட்டத்திற் சங்கம் அதனைக் கொள்கையாக ஏற்கவில்லை. அத்தீர்மானத்தைப் பிற்போக்கெனக் கூறி நகைப்பது எளிது. ஆனால் 1811 முதல் இங்கிலாந்தில் பின்னல் தறிகளை உடைத்த லடைற்றுகளைப் போன்றே இவர்களும் தம் பிழைப்பைக் காக்கவே முயன்றனர். அவர்களது அச்சம் நியாயமானது, இலக்கே பிழையானது. இயந்திரத்தையும் அதனை மூலதனம் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்தி அறியத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்னும் மார்க்ஸின் கருத்து ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆர்ப்பெஜியேற்றர் எந்தச் சுரக்கூட்டு வேண்டும், அது எப்போது மாற வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பதில்லை, அத்தெரிவு இசைஞருடையதே. விடுபட்ட கை ஒலியின் நிறத்தை மாற்றும் புதிய கலைத்தொழிலில் ஈடுபடலாம். ஆனால் அதே கருவி, பலருக்குரிய ஊதியத்தை ஒருவருடன் நிறுத்திக்கொள்ளும் சாதனமாகவும் ஆகலாம். இவற்றுள் எது நிகழும் என்பதைக் கருவியின் பொத்தான்கள் நிர்ணயிப்பதில்லை. ஆதலின், இத்தகைய இசையை ஆராய்வோர் ஒலியின் புதுமையை விதந்துரைப்பதோடு அமையாது, மிச்சமான உழைப்பின் பயன் யாரைச் சேர்ந்தது என்பதையும் வினவுதல் அவசியமாகும்.