கட்சிப் பிளவும் இலக்கிய மதிப்பீடும்

ஒரே தத்துவத்தை ஏற்றுக்கொண்டோர் இரு அணிகளாகப் பிரிந்து நிற்கும்போது, அப்பிரிவினைக்கு எளிய விளக்கங்கள் இரண்டு கூறப்படுவதுண்டு. தலைவர்களின் பதவி ஆசையே காரணம் என்பது ஒன்று. எதிரணியினர் துரோகிகள் என்பது மற்றொன்று. முன்னையது வெளியே நின்று வேடிக்கை பார்ப்போர் கூற்று; பின்னையது உள்ளே நின்று வசைபாடுவோர் கூற்று. இரண்டுமே சிந்திக்கும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. இலங்கைக் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் 1963, 1964ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பிளவும் பெரும்பாலும் இவ்வாறே பேசப்பட்டு வந்திருக்கிறது. அப்பிளவு நமது இலக்கிய உலகையும் ஊடறுத்துச் சென்றமையால், அதனை நிதானமாக நோக்குவது இலக்கிய மாணவரின் கடமையுமாகும்.

கருத்து வேறுபாடு மெய்யானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1956 பெப்ரவரியில் நடைபெற்ற சோவியத் கட்சியின் இருபதாவது காங்கிரசில், சமாதான சகவாழ்வையும், சில நாடுகளிலேனும் பாராளுமன்றத்தின் வழியே சோஷலிசத்தை எய்தும் வாய்ப்பையும் குருஷேவ் வலியுறுத்தினார். சீனக் கட்சி இதனைத் திரிபுவாதம் எனக் கண்டித்தது. 1963 ஜூன் 14ஆந் திகதியிட்ட கடிதத்தில், ஆசிய, ஆபிரிக்க, லத்தீன் அமெரிக்க மக்களின் விடுதலைப் போராட்டங்களையே உலகப் புரட்சியின் முன்னணியில் அது வைத்தது. அணுவாயுத யுகத்தில் போரைத் தவிர்ப்பதே தலையாய கடமை என்பது மொஸ்கோவின் மறுமொழி. ஆளும் வர்க்கத்தின் அரசு இயந்திரத்தை உள்ளிருந்து மாற்ற இயலுமா, அன்றித் தகர்த்தே ஆகவேண்டுமா என்ற வினாவே இவ்விவாதத்தின் உயிர்நாடியாகும். அதனை வெறும் தலைவர் சண்டை எனல் பொருந்தாது.

இலங்கையில் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பீற்றர் கெனமனும் மொஸ்கோவின் பக்கம் நின்றனர், நா. சண்முகதாசன் பீக்கிங் சார்பு அணிக்குத் தலைமை தாங்கினார். பாராளுமன்றப் பாதை பற்றிய எச்சரிக்கைக்கு இந்நாட்டு வரலாறு விரைவிலேயே சான்று தந்தது. 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திற் புகுந்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தையும் 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்து நின்ற இடதுசாரிகள், 1966 ஜனவரியில் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளுக்கு எதிரான ஊர்வலத்திற் பங்குகொண்டனர். 1970இல் சமசமாஜிகளும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்டுகளும் அமைச்சர்களாயினர். 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்த காப்பினைக் கைவிட்டது. பௌத்தத்திற்கு முதன்மைத் தானம் வழங்கியது. அதனை வரைந்ததில் முதன்மைப் பங்கு வகித்தவர், ஒரு மொழிக் கொள்கை நாட்டை இரண்டாக்கும் என 1956இல் எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவே.

பீக்கிங் அணியின் பெருமை வடபகுதியில் தெளிவாயிற்று. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும், தேநீர்க் கடையில் தாழ்த்தப்பட்டோருக்குப் போத்தலும் தகரப் பேணியும், கோயிலில் வெளிவீதியுமே உரியனவாயிருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் ஏட்டில் இருந்த சட்டத்தை வீதிக்குக் கொண்டுவந்தன. ஆயினும், அதற்கு முன்னரே சிறுபான்மைத் தமிழர் மகாசபை பல்லாண்டுகள் இத்துறையில் உழைத்திருந்தது என்பதையும், அதன் தலைவர்களுள் ஒருவரான எம். சி. சுப்பிரமணியம் மொஸ்கோ அணியிலேயே நின்றார் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது.

இவ்விடத்தில், இரு அணியினரும் பேச விரும்பாத ஓர் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். அது 1971. அவ்வாண்டு ஏப்ரலில் இளைஞர்கள் கிளர்ந்தெழுந்தபோது, சோவியத் யூனியன் அரசாங்கத்திற்குப் போர் விமானங்களை அனுப்பியது. சீனப் பிரதமர் சூ என்லாய், பிரதமர் சிறிமாவோவுக்கு ஆதரவுக் கடிதம் எழுதியதோடு வட்டியில்லாக் கடனும் வழங்கினார். மாவோவின் பெயரால் கட்சி நடத்திய சண்முகதாசனோ அதே அரசாங்கத்தின் சிறையில் அடைபட்டிருந்தார். எந்த இரு தலைநகரங்களின் பெயரால் இங்கே தோழர் தோழரோடு பேசாதிருந்தாரோ, அவ்விரு தலைநகரங்களும் ஒரே அரசாங்கத்தைத் தாங்கி நின்றன. அரசுகளின் வெளிநாட்டுக் கொள்கை வேறு, இயக்கங்களின் சித்தாந்தம் வேறு என்ற பாடத்தை இதனினும் தெளிவாக வேறெந்த நிகழ்ச்சியும் கற்பிக்கவில்லை.

இனி இலக்கியத்துக்கு வருவோம். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், தாழ்த்தப்பட்ட மக்களிடையேயிருந்து வந்த எழுத்தாளருக்கு ஒரு மேடை அமைத்தது. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் அவ்வியக்கத்தில் தோளோடு தோள் நின்று வளர்ந்தோர். பிளவின்பின் டானியல் பீக்கிங் அணியினரானார். ஜீவா மொஸ்கோ அணியில் நின்று, 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். இதனால் விளைந்த தீங்கு பிரிவு அன்று. பிரிவே விமர்சன அளவுகோலாகியமைதான். நூலைத் திறக்குமுன் ஆசிரியரின் அணியை விசாரிக்கும் வழக்கம் வேரூன்றியது. இன்றும் வகுப்பறையில், 'பஞ்சமர்' என்ன சொல்கிறது என்பதற்கு முன்னர், அதனை எழுதியவர் எந்தப் பக்கம் என்று வினவும் மாணவர் உளர். அவ்வினாவை அவருக்குக் கற்றுக்கொடுத்தோர் நமது விமர்சகர்களே.

மார்க்சிய மரபு இவ்வாறு பணிக்கவில்லை. 1888இல் மார்கரெட் ஹார்க்னெஸ் என்ற நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில், முடியாட்சி ஆதரவாளரான பால்ஸாக், தம் அனுதாபங்களையும் மீறித் தமக்குப் பிரியமான பிரபுக்களின் வீழ்ச்சியைக் கண்டு காட்டினார் என்று ஏங்கல்ஸ் வியந்தார். 1908இல் லெனின், டால்ஸ்டாயின் உபதேசத்தை மறுத்துக்கொண்டே, அவரை ரஷ்யப் புரட்சியின் கண்ணாடியாக இனங்கண்டார். 1942இல் யெனானில் உரையாற்றிய மாவோ, அரசியல் அளவுகோலுக்கு முதலிடம் தந்தார் என்பது மெய்யே. ஆனால், கலைத்தரமற்ற படைப்பு அரசியலில் எத்துணை முற்போக்கானதாயினும் வலிமையற்றது என்பதையும் அவர் அங்கேயே கூறினார். நமது விமர்சகர் பலர் முன்பாதியை மனனஞ் செய்து பின்பாதியை மறந்தனர். மன்னராட்சியை விரும்பிய பால்ஸாக்கிற்கு ஏங்கல்ஸ் வழங்கிய நியாயத்தை, அடுத்த தெருவில் வாழ்ந்த தோழருக்கு நாம் வழங்க மறுத்தது விந்தையினும் விந்தை.

1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' நாவலையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் கட்சித் தீர்மானத்திலிருந்து பிறந்ததன்று. யாழ்ப்பாணத்து அடக்குமுறையை உடலால் அறிந்த ஒருவர், அம்மக்களின் பேச்சையும் கோபத்தையும் நுணுகி நோக்கியமையால் பிறந்தது. பாத்திரங்கள் தம் வாழ்வைப் பேசுமிடங்களில் நாவல் உயர்கிறது. ஆசிரியரின் முடிவுகளைப் பேசுமிடங்களில் தளர்கிறது. ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். இரு அணியினரின் சிறந்த எழுத்துக்களும் ஒரே ஊற்றிலிருந்து வந்தன. பலவீனங்களும் ஏறத்தாழ ஒன்றே.

இதனால் அணிகளுக்கு மேலே நின்று எழுத வேண்டும் என்று யாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அணிசாராமை என்பதும் பல வேளைகளில் வசதியுள்ளோரின் அணியே. ஆலயப் போராட்டம் நடந்திராவிடின் 'பஞ்சமர்' இல்லை, சி. மௌனகுருவின் 'சங்காரம்' இல்லை. சித்தாந்தம் எழுத்தாளனுக்குத் திசையைக் காட்டும். ஆனால் அவன் கால்கொண்டு நடக்காது. கைலாசபதியும் சிவத்தம்பியும் வெவ்வேறு அணிகளிற் சார்ந்திருந்தும், பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்ற ஆய்வுநெறியைக் கைவிடாமையாலேயே இருவர் நூல்களும் இன்றும் பயனுடையனவாய் இருக்கின்றன.

சோவியத் யூனியன் 1991இல் கலைந்தது. சீனம் 1978இன் பின் சந்தைப் பாதையை மேற்கொண்டது. தலைநகரங்கள் மாறின, மலையகத்து லயன் அறைகளும் சாதியின் வேலிகளும் இன்னும் முற்றாக மாறவில்லை. ஆகவே பழைய விவாதத்தில் வென்றவர் யார் என்பது இன்றைய ஆசிரியர் மாணவரின் வினாவன்று. ஒவ்வோர் அணியும் யாருக்காகத் தெருவில் இறங்கிற்று, யாரை மறந்துவிட்டது என்பதே வினா. சாதிக் கொடுமையை எதிர்த்தமைக்காக ஓர் அணியைப் போற்றும் நாம், தேசிய இனப் பிரச்சினையின் ஆழத்தை இரு அணிகளுமே உரிய காலத்தில் அளந்தறியத் தவறின என்பதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இக்கணக்கை நேர்மையாக எழுதும் விமர்சனமே முற்போக்கு விமர்சனம் என்னும் பெயருக்கு உரியது.