கணினித் தேவாரமும் ஆசிரியர் கடமையும்

மூவர் தேவாரத்தைக் கணினியில் அமைத்து, வி. எம். சுப்பிரமணிய ஐயரவர்களது ஆங்கில மொழிபெயர்ப்புடன் 2007-ஆம் ஆண்டிற் குறுந்தகடாகவும், பின்னர் இணையத்திலும் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் வெளியிட்டமை சைவவுலகம் போற்றற்குரியது. மடத்து நூலகங்களுக்குச் சேய்மைக்கண் உள்ள நீலகிரிச் சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்து மாணாக்கரும் இத்தகைய முயற்சியாற் பதிகங்களை இருந்தவிடத்தே ஆராயலாம்.

எனினும், தேடுதல் வேறு; தெளிதல் வேறு. எழுத்துருவையே நோக்குங் கருவியிற் 'பசு' எனத் தேடின், உயிரைக் குறியாத 'பசும்பொன்' என்பதும் வந்து நிற்கும். 'அருள்' எனத் தேடின், 'அருளால்' என்பது விடுபடும். புணர்ச்சியும் பொருளும் உணர்ந்த ஆசிரியர் சொற்றோறுங் குறிப்பெழுதினாலன்றி இக்குறை நீங்காது. அவர்க்கோ வகுப்புச் சுமையால் ஓய்வில்லை. ஆதலின், பல்கலைக்கழகங்கள் இப்பணிக்கு அளிக்கும் நல்கையைக் கருவி வாங்குதற்கே செலவிடாது, ஆசிரியர் மாணாக்கருடனிருந்து பாடமோதிக் குறிப்பெழுதுங் காலத்திற்கு ஊதியமாக வழங்குதல் வேண்டும்.

கருவி நாளடைவில் இவற்றைத் தானே கற்குமென்பாரும் உளர். அது கற்றற்குரிய குறிப்பைத் தருவோரும் ஆசிரியரே என்க. முப்பொருளுள் ஒன்றாகிய பசுவைப் பசும்பொன்னினின்று பிரித்தறியாத ஆராய்ச்சி சித்தாந்த ஆராய்ச்சியாகாது.