கரும்பு வில்லும் ரதியின் கனவும்

மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஐந்து தேர் புறப்படும். அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான் தோட்டங்களில் காமனை, அதாவது மன்மதனை, எரிப்பார்கள். தேருக்கு ஊரே திரளும். காமன் பொட்டலைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் தோட்டத்து லயங்களில் வாழும் சனம்தான். அதையொட்டி ஆடும் காமன் கூத்தைச் சடங்கு என்று ஒதுக்குகிறவர்கள் அதன் நாடக நுட்பத்தைத் தவறவிடுகிறார்கள். பொருளைக் காட்டி மனிதரைச் சொல்லும் கலையில் தமிழில் இதற்கு இணையான குடும்ப நாடகம் அபூர்வம்.

ஆம், குடும்ப நாடகம்தான். மன்மதன் திருமாலின் மகன். பார்வதி திருமாலின் தங்கை. அந்த முறையில் சிவன் அவனுக்கு மாமா. தேவர்களின் ஏவலுக்காக மாமாவின் தவத்தைக் கலைக்கக் கிளம்புகிறான். பெண்டாட்டி ரதி வழிமறிக்கிறாள்.

அவன் கையில் இருப்பது கரும்பு வில், பூ அம்பு. ரதியோடு ஆடும்போது அந்த வில் அவனுடைய மிடுக்கு, இளமைத் திமிர். அதே வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் புறப்படும்போது பார்க்கிறவர் வயிறு கலங்குகிறது. நெற்றிக்கண்ணுக்கு முன்னால் கரும்பு என்ன செய்யும்? வில் மாறவில்லை, ஒரு வசனமும் அதை விளக்கவில்லை. தன் பலத்தை அளக்கத் தெரியாத பிள்ளை அவன் என்பது மட்டும் நமக்குப் புரிந்துவிடுகிறது.

ரதிக்கு ஆயுதம் இல்லை, கனவுதான் இருக்கிறது. கண்ட கெட்ட கனவுகளைச் சொல்லிச் சொல்லித் தடுக்கிறாள். அவன் தட்டிக்கழிக்கிறான். வீட்டில் யாருக்கு விவரம் தெரியும், யார் பேச்சு எடுபடாது என்பதை இந்த ஒரு தர்க்கம் காட்டிவிடுகிறது. ரதி வேடம் கட்டுபவர் ஆண். தப்பின் அடி தாழும்போது அவர் குரலில் வரும் நடுக்கத்துக்கு லயத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்களின் வம்சம் இது. வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மேலிடத்து ஏவலுக்குப் புறப்பட்டுத் திரும்பாத கணவனின் கதையை இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொருளைக் காட்டி மனிதரைச் சொல்லும் இந்தக் கைநேர்த்தியை மேற்கத்திய நாடகத்தில் நான் காண்பது டென்னசி வில்லியம்ஸிடம். 1944இல் சிக்காகோவில் அரங்கேறிய அவருடைய நாடகத்தை, 1970களின் இறுதியில் க. பாலேந்திரா 'கண்ணாடி வார்ப்புகள்' என்று இலங்கைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். கால் ஊனமுற்ற லோரா கண்ணாடி மிருகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அவற்றில் ஒன்று ஒற்றைக் கொம்புக் குதிரை. விருந்தாளியோடு ஆடும்போது அது விழுந்து கொம்பு உடைகிறது. அவள் அழவில்லை, மற்றக் குதிரைகளைப் போல ஆகிவிட்டதாகச் சொல்லித் தேற்றிக்கொள்கிறாள். வேறொருத்திக்கு நிச்சயமானவன் அவன் என்று தெரிந்த பிறகு, உடைந்த அதையே அவன் கையில் கொடுத்தனுப்புகிறாள். அவளைக் கண்ணாடி போல உடையக்கூடியவள் என்று மட்டும் படிப்பது பாதி வாசிப்பு. கொடுக்கும் அந்தக் கைதான் லோரா.

காமன் கூத்து இன்னும் ஒரு படி மேலே போகிறது. அமாவாசை கழிந்து ஊன்றும் கம்பம் நாட்கணக்காகத் தோட்டத்தின் நடுவே நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளும் அதைக் கடந்துதான் போகிறார்கள். ஆடுகிறவன் ஒரு மன்மதன் என்றால் கம்பம் இன்னொரு மன்மதன். அது எரியும்போது ரதியோடு சேர்ந்து தோட்டமும் இழக்கிறது.

அதற்குப் பிறகு வருவது மன்மதனை எழுப்பும் கட்டம். உயிர் வருகிறது, ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது வரம். வேறு யாருக்கும் தெரியாத புருஷனோடு அவள் இனி வாழ வேண்டும். பாதி நியாயம் கிடைத்த பெண்ணின் நிலையை இதைவிடக் கூர்மையாக எந்த நாடகாசிரியர் எழுதியிருக்கிறார்? கூத்தை ஒரு மணி நேர மேடைக்குச் சுருக்குகிறவர்கள் தீயோடு திரையை இழுத்துவிடக் கூடாது. அது சிவனுடைய கோபத்தோடு நாடகத்தை முடிப்பதாகும். கூத்தோ ரதியினுடையது.