ஊமைப்படம் என்ற பிரமை

ஊமைப்படக் காலத்தை மௌனத்தின் பொற்காலமாக நம்மில் சிலர் எழுதிவருவது, பார்க்காத படத்தின் மீதான பக்தி. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' (1917-18) இன்று இல்லை. தென்னாட்டு ஊமைப்படங்களில் எஞ்சியதாக அறியப்படுவது 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றுதான். கொட்டகையோ மௌனமாக இருந்ததே இல்லை. திரையருகே ஒருவர் நின்று கதை சொன்னார், ஆர்மோனியம் ஒலித்தது, ஜனம் பதிலுக்குக் கத்திற்று. திரை பேசாததால் ஊர் பேசிற்று. பேச்சு வந்த பிறகும் இதில் கொஞ்சம் டூரிங் டாக்கீஸில் மிஞ்சியிருந்தது. ஆவடிப் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த தரை டிக்கெட்டு, ரீல் மாற்றும் இடைவெளியில் முறுக்கைக் கடித்தபடி மீதிக் கதையைத் தானே முடித்துவிடும். (பெரும்பாலும் டைரக்டரைவிட நன்றாகவே.) போன வாரம் அம்பத்தூரில் ஒரு மல்டிபிளெக்ஸ். காது கிழியும் சத்தம். பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டரை மணி நேரம் வாயே திறக்கவில்லை.