சோழிங்கநல்லூர் பள்ளியும் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடமும்

"உங்க ஊர்ல எல்லாமே கவர்ன்மென்ட் ஸ்கூல்தானாமே?" சோழிங்கநல்லூரில் மச்சாளின் பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். குரலில் இருந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பனிகள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன, பின்னாலேயே பள்ளிகளும் வந்தன. மகனுக்கு எல்.கே.ஜி. தேடிய மச்சாளின் மேசை நிறைய வண்ண வண்ணக் கையேடுகள். மெட்ரிகுலேஷனா, சி.பி.எஸ்.இ.யா, ஐ.சி.எஸ்.இ.யா? எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் நீச்சல் குளம், ஏ.சி. வகுப்பு. கடைசியில் பேச்சு ஃபீஸில் வந்து முட்டும். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்று சட்டம் இருக்கிறதாம். எங்கள் இலங்கையில் அப்படியொன்று இல்லை, மெச்சத்தான் வேண்டும். அங்குள்ள அரசுப் பள்ளிகளைப் பற்றி மச்சாளுக்கே தெரியாது, எனக்கு எங்கே தெரியப்போகிறது?

இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் அரசாங்கப் பாடசாலையில் தரம் 1 தேடும் தகப்பன் கக்கத்தில் ஒரு கோப்போடுதான் திரிவார். வீட்டு உறுதி, ஐந்து வருட வாக்காளர் இடாப்பு, லைட் பில், தண்ணீர் பில். வீடு கிட்ட இருந்தால் புள்ளி. இடையில் வேறு பாடசாலை இருந்தால் அதற்கொரு வெட்டு. பழைய மாணவரின் பிள்ளைக்குத் தனி ஒதுக்கீடு. பேருக்கு வாடகை ஒப்பந்தம் எழுதுகிறவர்களும் உண்டுதான்.

ஆனால் உள்ளே போய்விட்டால்? கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி இன்றும் நிற்கிறது. புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தரும். பம்பலப்பிட்டி இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியில் டொக்டரின் மகளும் ஓட்டோக்காரரின் மகளும் ஒரே வாங்கில் இருப்பார்கள். உயர்தரம் வரை தமிழிலேயே படிக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவை 'இழைமணி' என்று எழுதிய பிள்ளைதான் நாளைக்கு மருத்துவ பீடம் போகும். மச்சாளின் மாடியில் வீடு முழுக்கத் தமிழ், பள்ளிக்கூடத்தில் மட்டும் அது 'செகண்ட் லாங்குவேஜ்'. சென்னையில் இருந்துகொண்டு!

ரியூசன் பைத்தியத்தில் இரண்டு ஊரும் சமம். அங்கே நீட் கோச்சிங், இங்கே ஐந்தாம் தரத்துப் பத்து வயதுப் பிள்ளைக்கே புலமைப்பரிசில் வகுப்பு. இன்டர்நெஷனல் ஸ்கூல் என்று கம்பனிச் சட்டத்தில் பதிந்து, லண்டன் சோதனைக்குப் படிப்பிக்கும் பள்ளிகளும் காலி வீதி நெடுக வந்துவிட்டன. என் தம்பியின் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள். அந்தக் கதையை நான் மச்சாளிடம் எடுக்கவில்லை.

வெள்ளவத்தைப் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். கோப்புத் தூக்கும் அலுப்பில் கம்பனிப் பள்ளிக்கு ஓடாதீர்கள். அரசாங்கப் பாடசாலையில் பணக்காரப் பிள்ளையும் படிக்கும்வரைதான் அதிபரைக் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.